மேஜையிலிருந்து திரைக்கு: டேபிள்டாப் விதிகளை வீடியோ கேமாக மாற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேஜை ஆட்டத்தின் விதிகளை வைத்துச் செய்த பால்டர்ஸ் கேட் 3 என்ற வீடியோ கேம் ஆகஸ்ட் 2023-ல் வந்ததிலிருந்து என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. வாரக் கடைசியில் நண்பர்களுக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்துகிறவன் நான், கணினியிலும் அந்த வகை கேம்களைப் பல வருஷமாக ஆடுகிறவன், அதனால் இரண்டு பக்கத்துச் சண்டையும் என் காதில் விழுகிறது. "விதிப்புத்தகத்தை மாற்றிவிட்டார்கள்" என்று ஒரு பக்கம், "புத்தகத்தைப் பிடித்துத் தொங்காதீர்கள்" என்று இன்னொரு பக்கம். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

டேபிள்டாப் ஆட்டம் என்றால் என்ன, டிஎம் என்பவர் யார்?

தெரிந்தவர்கள் அடுத்த கேள்விக்குப் போகலாம். நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, பேசிப் பேசியே ஒரு கதையை நடத்திக்கொண்டு போகும் ஆட்டம். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974-ல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகைக்கு ஆரம்பம், இனி டி அண்ட் டி என்று சொல்கிறேன். இப்போதைய விதிகளில், நினைத்தது நடக்குமா என்று சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்டி, பாத்திரத்தின் திறமைக்கான எண்ணைக் கூட்டிப் பார்ப்பார்கள், தேவையான எண்ணைத் தொட்டால் நடந்தது. டன்ஜன் மாஸ்டர், அதாவது டிஎம், உலகத்தையும் எதிரிகளையும் நடத்துகிறவர். புத்தகத்தில் இல்லாத ஒன்றை யாராவது செய்யக் கிளம்பினால் அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொல்வதும் அவர்தான். இந்தக் கடைசி வேலையை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே எல்லாமே அதைச் சுற்றித்தான் வரும்.

விதிகளை அப்படியே கேமுக்குள் போட்டுவிட வேண்டியதுதானே?

போட முடியாது, ஏனென்றால் புத்தகத்தில் இருப்பது பாதி விதிதான், மீதிப் பாதி டிஎம்மின் தலைக்குள் இருக்கிறது.

ரேஞ்சர் என்ற காட்டுவேட்டைக்காரப் பாத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில், ரேஞ்சர் தனக்குப் பழக்கமான நிலத்தை ஒன்று தேர்ந்தெடுப்பார், காடு, மலை, சதுப்பு நிலம் என்று. அந்த நிலத்தில் பயணம் போகும்போது கூட்டத்துக்கு வழி தப்பாது, இரை தேடினால் இரண்டு மடங்கு உணவு கிடைக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் டிஎம் கதையைக் காட்டுக்குள் கொண்டுபோனால்தான் இதற்கு ஒரு அர்த்தம், உணவுக் கணக்குப் பார்த்தால்தான் ஒரு பயன். நல்ல டிஎம் தன் மேஜையில் ஒரு ரேஞ்சர் இருக்கிறார் என்று தெரிந்தாலே கதையில் ஒரு காட்டைச் சேர்த்துவிடுவார். கணினிக்கு அப்படி ஒருவரைப் பார்த்துக் கதையை வளைக்கத் தெரியாது, வரைபடம் முன்பே வரைந்து முடிந்துவிட்டது. அதனால் பால்டர்ஸ் கேட் 3-ல் அதே இடத்தில் ரேஞ்சருக்கு நெருப்பு, குளிர், விஷம் இவற்றில் ஒன்றைத் தாங்கும் சக்தி மாதிரியான தேர்வுகளை வைத்தார்கள். எழுத்துக்கு எழுத்து பார்த்தால் இது விதிமீறல். ஆனால் தேர்ந்தெடுத்த விஷயம் ஆட்டத்தில் கட்டாயம் ஒரு நாள் கைகொடுக்கும் என்ற உறுதியை, மேஜையில் டிஎம் கொடுத்து வந்ததை, இந்த மீறல்தான் திருப்பிக் கொடுத்தது.

அப்படியானால் எந்த மாற்றம் செய்தாலும் சரி என்கிறீர்களா?

இல்லவே இல்லை. நான் ஒவ்வொரு மாற்றத்திலும் இரண்டு விஷயம் பார்ப்பேன். மேஜையில் டிஎம் செய்துகொண்டிருந்த ஒரு வேலையை இது ஈடு செய்கிறதா? அப்புறம், வேறு ஒரு பாத்திரம் விலை கொடுத்து வாங்கிய ஒன்றை இது எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துவிடுகிறதா? முதலாவதுக்கு ஆம் என்றால் தைரியமாக மாற்றலாம். இரண்டாவதுக்கு ஆம் என்றால் அந்த மாற்றம் எவ்வளவு ஜாலியாக இருந்தாலும் ஆட்டத்தை எங்கோ ஒரு மூலையில் அரித்துக்கொண்டிருக்கும், பத்து மணி நேரம் ஆடிய பிறகுதான் தெரியும்.

அரித்துக்கொண்டிருக்கும் என்றால்? ஒரு உதாரணம் சொல்லுங்கள்.

சொல்கிறேன், இதுதான் எனக்குப் பிடித்த உதாரணம். பால்டர்ஸ் கேட் 3 அக்டோபர் 2020-ல் முன்கூட்டியே, பாதி முடிந்த நிலையில் விற்பனைக்கு வந்தது. அப்போது உயரமான இடத்தில் நின்று அடித்தால் 'அட்வான்டேஜ்' கிடைத்தது, அதாவது இருபது முகப் பகடையை இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். இந்த கேமைச் செய்த லாரியன் ஸ்டுடியோ அதற்கு முன் செய்த டிவினிட்டி கேம்களிலும் உயரத்துக்குப் பெரிய மதிப்பு உண்டு, அந்தப் பழக்கம்தான் இங்கேயும் வந்தது என்று நினைக்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். அடி விழுவதற்கு 11 அல்லது அதற்கு மேல் தேவை என்றால் சாதாரணமாக 50 சதவீத வாய்ப்பு. அட்வான்டேஜ் இருந்தால் அதுவே 75. ஏணியில் ஏறினால் போதும், கால்வாசி வாய்ப்பு கூடிவிடுகிறது.

பிரச்சினை அந்த எண் பெரியதாக இருந்தது மட்டுமல்ல. ஐந்தாம் பதிப்பில் அட்வான்டேஜ் ஒன்றின்மேல் ஒன்று சேராது, ஒரு வழியில் கிடைத்துவிட்டால் இன்னொரு வழியில் கிடைப்பது வீண். திருடன் பாத்திரம் ஒளிந்து வந்து அடிப்பது இதற்காகத்தான். பார்பேரியன் தற்காப்பைக் கைவிட்டு வெறித்தனமாகப் பாய்வதும் இதற்காகத்தான், அதற்கு அவர் எதிரிகளின் அடி தன்மேல் சுலபமாக விழும் என்ற விலையைக் கொடுக்கிறார். எதிரிகளை ஒளிரச் செய்யும் ஃபேரி ஃபயர் மந்திரத்துக்கு ஒரு மந்திர இடம், அதாவது ஓய்வு எடுக்கும்வரை எண்ணிக்கையில்தான் கிடைக்கும் மந்திர வாய்ப்புகளில் ஒன்று, செலவாகிறது. இத்தனை பேர் இத்தனை விதமாக விலை கொடுத்து வாங்கியதை ஒரு ஏணி இனாமாகக் கொடுத்தது. ஆடியவர்கள் சத்தம் போட்டார்கள், முழு வெளியீட்டுக்கு முன்பே அதைக் கூட்டல் 2 என்று மாற்றினார்கள். 11 தேவைப்பட்ட இடத்தில் இப்போது 9 போதும், 60 சதவீதம். உயரத்துக்கு மதிப்பு இருக்கிறது, திருடனின் பிழைப்பும் கெடவில்லை. புத்தகத்தில் இந்தக் கூட்டல் 2-ம் கிடையாது என்பதைக் கவனியுங்கள், ஆனாலும் எனக்கு இதில் ஒரு குறையும் இல்லை.

தள்ளிவிடுவது, தாவுவது எல்லாம் போனஸ் ஆக்ஷனாக மாறியது?

சண்டையில் ஒருவரின் முறை, அதாவது டர்ன், வரும்போது அடிப்பது மாதிரி ஒரு பெரிய வேலை செய்யலாம், அது ஆக்ஷன்; கூடவே செய்யக்கூடிய சின்ன வேலை போனஸ் ஆக்ஷன். புத்தகத்தில் ஒருவரைத் தள்ள வேண்டுமானால் ஒரு அடியை விட்டுக்கொடுக்க வேண்டும், அதிலும் ஐந்தடி தூரம்தான் தள்ள முடியும். பால்டர்ஸ் கேட் 3-ல் அடித்துவிட்டு, மீதமிருக்கும் போனஸ் ஆக்ஷனில் தள்ளலாம், பலத்தைப் பொறுத்து ஆள் தூரமாகவே போய் விழுவார். இதை நான் ஆதரிக்கிறேன். மேஜையில் "அந்தக் கயிற்றை அறுத்து விளக்கை அவன் தலையில் போடுகிறேன்" என்று சொல்ல வாய் இருக்கிறது. திரையில் வாய் இல்லை, பொத்தான்தான் இருக்கிறது. சுற்றியிருக்கும் இடத்தை ஆயுதமாக்கும் சந்தோஷத்துக்குப் பாறை விளிம்பும் தள்ளும் பொத்தானும் நல்ல ஈடு. எந்தப் பாத்திர வகையின் தனிச்சொத்தையும் அது பிடுங்கவில்லை.

தாவுவதில் ஆரம்பத்தில் தப்பு நடந்தது. தாவும்போதே எதிரியின் பிடியிலிருந்து அடிபடாமல் நழுவிவிடலாம் என்று வைத்திருந்தார்கள், எல்லோருக்கும். அப்படி நழுவுவதைப் போனஸ் ஆக்ஷனில் செய்வது திருடனுக்கு இரண்டாம் லெவலில் கிடைக்கும் சிறப்பு. பிறகு இரண்டையும் பிரித்தார்கள்.

ஹேஸ்ட் மந்திரத்தைப் பற்றி ஏன் இத்தனை புகார்?

புகார் நியாயமானது. ஹேஸ்ட் என்பது ஒருவரை வேகமாக்கும் மந்திரம். புத்தகத்தில் ஹேஸ்ட் போட்டால் கூடுதலாக ஒரு ஆக்ஷன் கிடைக்கும், ஆனால் அதில் ஆயுதத்தால் ஒரே ஒரு அடி, அல்லது ஓட்டம், ஒளிதல் மாதிரி சில வேலைகள்தான், மந்திரம் போடக் கூடாது. கேமில் அது முழு ஆக்ஷன். ஒரே டர்னில் இரண்டு பெரிய மந்திரம் போடலாம், இரண்டு முறை அடிக்கத் தெரிந்த வீரர் நான்கு முறை அடிக்கலாம். இங்கே டிஎம்மின் வேலை எதையும் ஈடு செய்யவில்லை, வேலியை மட்டும் பிடுங்கிவிட்டார்கள். விளைவு, மற்ற மந்திரங்களைப் படிக்கவே தோன்றாமல் எல்லாச் சண்டையும் ஹேஸ்டில் ஆரம்பிக்கிறது. நவம்பர் 2023-ல் ஹானர் மோட் என்ற மிகக் கடினமான ஆட்ட நிலை வந்தபோது, அந்தக் கூடுதல் ஆக்ஷனில் இரண்டாவது அடியை அனுமதிப்பதை அந்த மோடுக்கு மட்டும் நிறுத்தினார்கள். எல்லா மோடிலும் நிறுத்தியிருக்கலாம்.

20 விழுந்தால் எப்போதும் வெற்றி, 1 விழுந்தால் எப்போதும் தோல்வி. இது புத்தகத்தில் உண்டா?

அடிப்பதற்கான பகடையில் உண்டு. பூட்டுத் திறப்பது, பேசி மயக்குவது போன்ற திறமைச் சோதனைகளில் கிடையாது. கேம் இரண்டுக்கும் சேர்த்து வைத்துவிட்டது. 10 தேவைப்படும் பூட்டு, உங்கள் திருடனுக்குக் கூட்டல் 9 என்றால், புத்தகப்படி அவர் தோற்கவே முடியாது, டிஎம் பகடையை எடுக்கக்கூடச் சொல்ல மாட்டார். கேமில் இருபது பூட்டுக்கு ஒன்று சராசரியாகக் கைவிட்டுப் போகும், போகும்போது ஒரு சாவிக் கருவியும் உடையும்.

எனக்கு இதில் மனம் இரண்டாக இருக்கிறது. திரையில் அந்தப் பகடை உருண்டு 20-ல் நிற்கும் நொடி இருக்கிறதே, எத்தனை மணி நேரம் ஆடினாலும் அந்தப் படபடப்பு குறையவில்லை. எந்தப் பாத்திரத்துக்கும் எந்த வாசலும் ஐந்து சதவீதமாவது திறந்திருப்பது நல்லதுதான். ஆனால் ஒரு திறமையிலேயே எல்லாவற்றையும் போட்டு வளர்த்தவருக்கு "உனக்கு இதில் தப்பே வராது" என்ற மரியாதையும் கிடைக்க வேண்டும். 20-ஐ வைத்துக்கொண்டு 1-ஐ எடுத்திருக்கலாம் என்பது என் கட்சி. மறுபடி உருட்டுவதற்கு இன்ஸ்பிரேஷன் புள்ளிகளை நான்கு வரை சேர்த்து வைக்க விட்டிருக்கிறார்கள், வலி கொஞ்சம் குறைகிறது.

கேமே ஒரு நல்ல டிஎம் மாதிரி நடந்துகொண்ட இடம் உண்டா?

உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. இறந்தவர்களிடம் பேசும் மந்திரம் இருக்கிறது, பிணத்திடம் ஐந்து கேள்வி கேட்கலாம், புத்தகத்திலும் ஐந்துதான். கேமில், அந்த ஆளைக் கொன்றதே நீங்கள் என்றால் பிணம் உங்களிடம் பேச மறுக்கும். சரி, என்ன செய்வது? உருவத்தை மாற்றிக்கொள்ளும் மந்திரத்தைப் போட்டுக்கொண்டு வேறு முகத்தோடு போய்க் கேட்டால் பேசும்! முதல்முறை இது வேலை செய்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். முகத்தை மாற்றிக்கொண்டு போய்க் கேட்கலாம் என்ற வரி விதிப்புத்தகத்தில் இல்லை. மேஜையில் ஒரு ஆள் "முகத்தை மாத்திக்கிட்டுப் போனா?" என்று கேட்க, டிஎம் ஒரு நொடி யோசித்து "சரி, நடக்கும்" என்று சொல்லும் அந்தத் தருணத்தை யாரோ முன்கூட்டியே கற்பனை செய்து நிரலில் எழுதி வைத்திருக்கிறார்கள். எல்லாப் பதிப்புகளின் எண்களையும் சரியாகக் காப்பி அடிப்பதைவிட இதை நான் பெரிய விசுவாசமாக நினைக்கிறேன்.

ஏன் 12-ம் லெவலோடு நிறுத்தினார்கள்? புத்தகத்தில் 20 இருக்கிறதே?

13-ம் லெவலில் ஏழாம் தர மந்திரங்கள் வருகின்றன. நினைத்த இடத்துக்குப் போவது, வேறு உலகத்துக்குத் தாவுவது, இன்னும் மேலே போனால் 'விஷ்', அதாவது கேட்டது நடக்கும். மேஜையில் டிஎம் அடுத்த வாரத்துக்குள் அந்த உலகத்தைத் தயார் செய்துவிடுவார். கேமில் அது ஒவ்வொன்றும் கலைஞர்கள் வரைந்து, நடிகர்கள் குரல் கொடுத்து முடிக்க வேண்டிய இடம். அரைகுறையாகப் போடுவதைவிட நிறுத்தியதே நேர்மை.

ஓய்வு எடுக்கும் விதி?

இது யாராலும் சரியாகத் தீர்க்கப்படாத பிரச்சினை. மந்திரங்கள் தீர்ந்தால் தூங்கி எழுந்து நிரப்பிக்கொள்ளலாம், மேஜையில் "நீங்கள் தூங்கினால் அந்தக் கிராமம் எரிந்துவிடும்" என்று டிஎம் மிரட்டுவார், அந்த மிரட்டல்தான் உண்மையான விதி. பால்டர்ஸ் கேட் 3 சாதாரண நிலையில் நீண்ட ஓய்வுக்கு 40 அளவு உணவுப்பொருள் கேட்கிறது, ஆனால் மூட்டை மூட்டையாக வழியெல்லாம் கிடக்கிறது. எரியும் சத்திரம் மாதிரி ஒருசில இடங்களில் மட்டும் தூங்கினால் ஆட்கள் செத்துவிடுவார்கள். அப்படி இன்னும் பத்து இடம் வேண்டும்.

விதிக்கு முழு விசுவாசமாக இருந்த கேம் எது?

இரண்டு சொல்வேன். 2003-ல் டிரொய்க்கா ஸ்டுடியோ செய்த டெம்பிள் ஆஃப் எலிமென்டல் ஈவில், 3.5 பதிப்பின் சண்டை விதிகளை அத்தனை நுணுக்கமாகத் திரைக்குக் கொண்டுவந்தது, இன்றும் அந்தச் சண்டைகளுக்காகவே ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கதையும் மனிதர்களும் மெலிந்து கிடந்தார்கள், பிழைகளும் நிறைய, ரசிகர்கள் பல வருஷம் உட்கார்ந்து சரிசெய்தார்கள். விதியைக் காப்பாற்றினார்கள், டிஎம்மின் நாற்காலி காலியாக இருந்தது.

இன்னொன்று 2021-ல் வந்த சொலாஸ்டா, பிரான்சில் ஒரு சிறிய குழு செய்தது. 'யாராவது அந்தக் கதவில் வந்தால் அடிப்பேன்' என்று காத்திருக்கும் ரெடி ஆக்ஷன், அடியிலிருந்து விலகும் டாட்ஜ், இரண்டும் அதில் உண்டு, பால்டர்ஸ் கேட் 3-ல் எல்லோருக்கும் பொதுவாக இவை கிடையாது. இருட்டில் தீப்பந்தம் யார் கையில் என்பதுகூட அதில் முக்கியம். விதி படிக்க விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இதைத்தான். முக அசைவுகளையும் வசனத்தையும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

1998 பால்டர்ஸ் கேட் நிகழ்நேரத்தில் ஓடியது. அது டர்ன் முறைக்குச் செய்த துரோகம் இல்லையா?

அப்படி நினைத்தவர்கள் அப்போதும் இருந்தார்கள். அதைச் செய்த பயோவேர் நிறுவனம் அந்த கேமில் எல்லோரையும் ஒரே நேரத்தில் நகரவிட்டு, வேண்டும்போது நிறுத்திக் கட்டளையிடும் முறையை வைத்தது. இரண்டாம் பதிப்புப் புத்தகத்தில் ஒரு சுற்று என்பது ஒரு நிமிஷம், கேமில் அது ஆறு நொடி. ஆனால் உள்ளே பாருங்கள். புத்தகத்தில் மேஜிக் மிஸைலுக்கு மந்திரம் சொல்லும் நேரம் 1, ஃபயர்பாலுக்கு 3, சொல்லி முடிப்பதற்குள் அடி விழுந்தால் மந்திரம் கெட்டுவிடும். மேஜையில் இதை எண்ணிக்கொண்டிருப்பது அலுப்பு, பல மேஜைகள் விட்டேவிடும். கடிகாரம் ஓடும் திரையில் அது கண்ணுக்குத் தெரியும் பதற்றமாக மாறியது, மந்திரவாதி கையைத் தூக்கி முணுமுணுக்கிறார், அம்பு பறந்து வருகிறது, எது முதலில்? மேஜையில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு விதியை நிகழ்நேரம்தான் எழுப்பியது. இழந்ததும் உண்டு, ஃபயர்பால் விழுவதற்குள் நம் ஆளே அதன் நடுவில் ஓடிப்போய் நிற்பார்.

விதியையே தூக்கிப் போட்டும் நன்றாக வந்த கேம் உண்டா?

ஃபால்அவுட். கர்ப்ஸ் என்ற டேபிள்டாப் விதிகளில்தான் அதைச் செய்துகொண்டிருந்தார்கள், 1997-ல் கர்ப்ஸை வெளியிடும் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸுடனான ஒப்பந்தம் முறிந்தது. அவசரமாக ஏழு பண்புகள் கொண்ட ஸ்பெஷல் என்ற சொந்த முறையை உருவாக்கி, அதே வருஷம் கேமை வெளியிட்டார்கள். ஒரு நன்மை வேண்டுமானால் ஒரு குறையையும் சேர்த்து ஏற்றுக்கொள் என்ற கர்ப்ஸின் வாசனை அதன் குணாதிசயத் தேர்வுகளில் இன்னும் அடிக்கிறது என்பது என் எண்ணம்.

1999-ல் வந்த பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்டும் அப்படி. இரண்டாம் பதிப்பில் மனிதர்கள் தொழில் மாறுவது கடினம், நிபந்தனைகள் ஏராளம். இந்த கேமின் நாயகன் யாரிடமாவது கற்றுக்கொண்டு வீரனிலிருந்து மந்திரவாதியாகவோ திருடனாகவோ மாறுவான், திரும்பவும் மாறுவான். எத்தனையோ பிறவி வாழ்ந்து மறந்தவன் அவன், அதனால் அவனுக்கு அது பொருந்துகிறது. விதியை மீறிய காரணம் கதைக்குள்ளேயே இருக்கிறது, இதைவிட அழகாக ஒரு விதியை மீற முடியாது.

கணினி பகடையில் கைவைக்கலாமா?

65 சதவீதம் என்று காட்டிவிட்டு மூன்று முறை தொடர்ந்து தவறினால் ஆத்திரம் வரும், ஆனால் அது 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே நடக்கக்கூடிய விஷயம், நூற்றுக்கணக்கான அடிகள் உள்ள கேமில் பல முறை நடக்கும். பால்டர்ஸ் கேட் 3-ல் இதைக் குறைக்கவே கார்மிக் டைஸ் என்ற அமைப்பு இருக்கிறது, தொடர் தோல்விகளைத் தடுக்கும். எதிரிகளுக்கும் அதுவே பொருந்துவதால் கனமான கவசம் போட்ட உங்கள் வீரர்மேல் அடி அதிகம் விழ வாய்ப்புண்டு. நான் அதை அணைத்துவிட்டுத்தான் ஆடுகிறேன். மேஜையில் டிஎம் மறைப்புக்குப் பின்னால் பகடையை மாற்றிச் சொல்வது வேறு, அவர் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் அதைச் செய்கிறார். கைவைப்பதென்றால் இந்த கேம் மாதிரி அதைச் சொல்லிவிட்டு, அணைக்கும் வசதியும் கொடுக்க வேண்டும்.

விதிகளை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாமா?

ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் அடங்கிய எஸ்ஆர்டி 5.1 ஆவணத்தை ஜனவரி 2023-ல் டி அண்ட் டி-யை வெளியிடும் விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டது, மூலத்தைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். அதில் எல்லாம் இருக்காது. சொலாஸ்டா குழு எஸ்ஆர்டியை வைத்துத்தான் வேலை செய்தது, இல்லாத உட்பிரிவுகளைத் தாங்களே உருவாக்கினார்கள்.

கேம் ஆடிவிட்டு மேஜைக்கு வருகிறவர்களோடு எப்படி ஒத்துப்போவது?

என் மேஜைக்குப் புதிதாக வந்த ஒருவர் முதல் சண்டையிலேயே ஒரு காப்ளினை அடித்து, கூடவே கூரையிலிருந்து தள்ளவும் செய்தார். "அது ஒரு அடிக்குப் பதில்தான் செய்யணும்" என்று பழையவர் ஒருவர் புத்தகத்தைத் திறக்க, வந்தவர் முகம் வாடிவிட்டது. அன்று தள்ள விட்டேன், ஆட்டம் முடிந்த பிறகு உட்கார்ந்து பேசினோம். தாயம் ஆடும்போது வெட்டுக்கு எங்கள் வீட்டில் ஒரு கணக்கு, மாமா வீட்டில் ஒரு கணக்கு இருந்த மாதிரிதான் இது, காய் வைப்பதற்கு முன்பே கேட்டுக்கொண்டால் சண்டை வராது. மருந்து குடிப்பதைப் பாருங்கள்: 2014 புத்தகத்தில் அது முழு ஆக்ஷன், பல மேஜைகள் அதைப் போனஸ் ஆக்ஷனாக வைத்திருந்தன, பால்டர்ஸ் கேட் 3-ம் அப்படியே வைத்தது, 2024-ல் வந்த புதிய புத்தகத்தில் அதுவே விதியாகிவிட்டது.

நானே ஒரு டேபிள்டாப் ஆட்டத்தை கேமாக்க நினைக்கிறேன். எங்கே ஆரம்பிப்பது?

நிரல் எழுதுவதற்கு முன் ஒரே ஒரு சண்டையைத் தேர்ந்தெடுத்து, அந்த ஆட்டத்தை நன்றாக நடத்தத் தெரிந்த ஒருவரை டிஎம்மாக உட்கார வைத்து, மேஜையில் மூன்று நான்கு முறை வெவ்வேறு ஆட்களோடு ஆடிப் பாருங்கள். நீங்கள் ஆட வேண்டாம், ஓரமாக நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். டிஎம் புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் எழுதுங்கள், யார் என்ன கேட்டார்கள், அவர் எதை அனுமதித்தார், எதற்கு என்ன விலை வைத்தார், எப்போது பகடையே வேண்டாம் என்று கையை ஆட்டினார் என்று. அப்புறம் அந்த நோட்டையும் விதிப்புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதலில் நோட்டில் இருப்பதற்குப் பொத்தான்களை யோசியுங்கள்.